பழைய வீட்டுச் சுதை வேலையைச் சிமெண்ட் ஆட்களிடம் கொடுத்துவிடாதீர்கள்

எங்கள் வீடு நூறு வருஷம் தாண்டியது. தெருவை ஒட்டிய முகப்பு, ஜன்னல்களுக்கு மேலே சுதையில், அதாவது சுண்ணாம்புச் சாந்தில், செய்த இலைக்கொடி, அதற்கும் மேலே சுவரை விட்டு வெளியே வளைந்து நீளமாக ஓடும் விளிம்பான கொடுங்கை. கொடுங்கையில் சில விரிசல்கள், கொடியில் இரண்டு இலைகள் உதிர்ந்திருந்தன. பழுது அவ்வளவுதான். "இந்த மாதிரி வீடு நிறையப் பார்த்திருக்கோம் சார்" என்ற ஒப்பந்தக்காரரை நம்பி முன்பணம் கொடுத்தேன்.

நான் வெளியூர் போயிருந்த நேரத்தில் பழைய பெயிண்டை எடுக்க மணலைப் பீய்ச்சி அடித்திருக்கிறார்கள். சூளையில் வெந்து இறுகிய செங்கல்லின் மேல்தோலே போய்விட்டது. இப்போது தடவினால் கையில் சிவப்புப் பொடி ஒட்டுகிறது. இலை நரம்புகள் மழுங்கிவிட்டன. விரிசல்களைச் சிமெண்டால் அடைத்து, மேலே பிளாஸ்டிக் பெயிண்ட். உதிர்ந்த இலைகளின் இடத்தில் கடையில் வாங்கிய ஏதோ பூ! ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்பு வேலை நின்றுவிட வேண்டும் என்று 1964-இலேயே, பழைய கட்டடங்களைக் காப்பதற்கான சர்வதேச நெறிமுறையான வெனிஸ் சாசனம் சொல்லிவிட்டது. இங்கே ஊகிக்கக்கூடத் தேவையில்லை, பக்கத்திலேயே அதே இலை இருந்தது.

முதல் மழைக்காலம் முடிவதற்குள் பெயிண்ட் கொப்புளித்தது. பிறகு சிமெண்ட் ஒட்டு, பின்னால் இருந்த பழைய சுதையையும் பிய்த்துக்கொண்டு விழுந்தது. சுண்ணாம்புச் சாந்து மெத்தென்றது. சுவருக்குள் போன ஈரத்தை அது வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, மெத்தென்ற பக்கம்தான் முதலில் பொரியும். இதைக் கேட்டால், "பழைய வீடுன்னா அப்படித்தான் சார்" என்கிறார். இத்தனை வருஷம் நின்றதே, அது எப்படி?

தயவுசெய்து கையெழுத்துப் போடுமுன் என்ன சாந்து என்று கேளுங்கள். கண்ணில் படாத ஒரு மூலையில் சிறிது பூசிக் காட்டச் சொல்லுங்கள். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும், அதுவரை ஈரச் சாக்கு போட்டுக் காக்க வேண்டும், அவசரப்படுகிறவர் வேண்டாம். கொடுங்கையின் வளைவுக்குத் தகட்டில் அச்சு வெட்டி ஈரச் சாந்தின் மேல் இழுக்கத் தெரியுமா, இலைக்குச் சிலிக்கோன் ரப்பரில் அச்சு எடுப்பாரா என்றும் கேளுங்கள். எதையும் தொடுமுன் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். நான் எடுக்கவில்லை.

இடிபாட்டு மூட்டையைக் கொட்டிப் பார்த்ததில் உதிர்ந்த இலை ஒன்று முழுசாகக் கிடைத்தது. பின்புறம், செய்தவரின் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர் அதிலிருந்துதான் இப்போது அச்சு எடுக்கிறார்.