சனிக்கும் ஞாயிறுக்கும் ஒரே பக்கம்

"வருசக் கடைசியில டயறியைத் திருப்பிப் பாக்கிறனி எல்லோ, அதையே நானும் வாங்கட்டோ மச்சான்?" என்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் நண்பன் கேட்டான். மரக்கறிப் பையோடு நின்று சொல்லி முடிக்கக்கூடிய விசயம் இல்லை.

தாள் நல்லது, மை ஊறவில்லை. தினமும் பையில் கிடந்தும் கட்டுக் குலையவில்லை. போயா எனும் முழுநிலா விடுமுறை நாள்களும் சரியாகக் குறித்திருந்தது. குறை ஒன்றுதான். கிழமை நாள்களுக்கு நாளுக்கொரு பக்கம், சனிக்கும் ஞாயிறுக்கும் சேர்த்து ஒரே பக்கம்.

அது டிசம்பரில்தான் உறைத்தது. நான் செய்வது அமெரிக்க எழுத்தாளர் டிம் பெரிஸ் சொல்லும் முறை. புத்தாண்டுச் சபதத்துக்குப் பதிலாக, போன வருட நாட்காட்டியை வாரம் வாரமாகப் புரட்டி, மனம் நிறைந்தவை ஒரு நிரலிலும் நொந்தவை மறு நிரலிலும் எழுத வேண்டும். அப்புறம் நிறைந்தவற்றுக்கு வரும் வருடத்தில் இப்போதே நாள் குறித்துவிட வேண்டும். எனக்கு நொந்த நிரல் ஒன்றரைப் பக்கம் வந்தது. நிறைந்தது நாலே வரி. 2025 முழுக்க நான் அலுவலகத்திலும் பஸ்சிலும் மட்டுமே இருந்தேன் என்பதுபோல. அது பொய். சனி ஞாயிறு என்று வீட்டில் இருந்த 104 நாள்களுக்கு டயறி தந்தது 52 பக்கம்.

டித்வா புயல் வந்த நவம்பர் 28 வெள்ளிக்கிழமை. கரண்ட் போன நேரம்கூட எழுதியிருக்கிறேன். மறுநாள் முற்றத்து வெள்ளம் படிவரை வந்தது. பக்கத்து வீட்டு அக்கா கஞ்சி கொண்டுவந்தார். விளக்கடியில் அம்மா தன் சின்ன வயசுக் கதை சொன்னார். அந்தச் சனி ஞாயிறு இரண்டுக்கும் சேர்த்து நான் எழுதியது: "அக்கா கஞ்சி. அம்மா கதை." என்ன கதை? நினைவில்லை. அம்மாவைக் கேட்டால், "எத்தினையைச் சொன்னனான், நீ எதைக் கேக்கிறாய்?" என்கிறார்.

தனித்தாள் ஒட்டியிருக்கலாம்தானே என்று மனைவி கேட்டார். நியாயம்தான். இன்னொரு நியாயமும் சொல்ல வேண்டும்: மாதச் சீட்டுக் கூட்டம் நொந்த நிரலில் 11 தடவை வந்ததைக் காட்டியதும் இதே டயறிதான். சீட்டை விட்டுவிட்டேன், வருடத்தின் நல்ல முடிவு அது.

ஆனாலும் மச்சான், வாங்காதே. நான் சீ.ஆர். கொப்பி எனும் தடித்த அட்டைக் கொப்பி இரண்டு வாங்கிக் கோடு போட்டுவிட்டேன். ஜனவரி 3, 4 சனி ஞாயிறு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம். சனிக்கிழமையின் முதல் வரியில் அம்மாவிடம் கேட்க வேண்டியதை எழுதி வைத்திருக்கிறேன்.