கீழ் எல்லையை நான் சிரித்துக் கடந்த கதை

நைட்ரேஷன் ரியாக்டர் (நைட்ரிக் ஆசிட் சேர்த்து வினை நடத்தும், சூடு கிளம்பும் கலன்) ஒன்றின் பாதுகாப்பு எல்லை அட்டவணையை வைத்து ஏழு வருடமாக ஷிஃப்ட் பார்க்கிறேன். எங்கள் பேட்ச் 40 முதல் 45 டிகிரிக்குள் ஓட வேண்டும். 50-இல் அலாரம் அடிக்கும். 55-இல் இன்டர்லாக் என்ற தானியங்கித் தடுப்பு, ஆசிட் டோசிங்கை, அதாவது ஆசிட் உள்ளே போவதை, நிறுத்திவிடும். 70-ஐ எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது.

அந்த 70 எங்கிருந்து வந்தது என்று முதல் வருடம் எனக்குத் தெரியாது. அப்புறம்தான் வினையின் வெப்பத்தை அளந்த கலோரிமீட்டர் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தேன். கூலிங் அடியோடு போனாலும், கலவை சிதைந்து கைமீறுவதற்கு 24 மணி நேரமாவது பிடிக்கும் வெப்பநிலை எது என்று கண்டுபிடித்து, அதற்குக் கீழே இடைவெளி விட்டுப் போட்ட எண் அது.

எனக்கு வேடிக்கையாகப் பட்டது 35 என்ற கீழ் எல்லைதான். குளிர்ந்தால் என்ன ஆபத்து? மூன்றாம் வருடம் ஓர் இரவு ஷிஃப்டில் பதில் கிடைத்தது. கலனைச் சுற்றியுள்ள கூலிங் ஜாக்கெட்டின் வால்வு சிக்கி வெப்பநிலை 32-க்கு இறங்கியது. அப்போது கீழ் எல்லைக்கு வெறும் அலாரம்தான். "கூலிங்தானே சார், நல்லதுதான்" என்றார் ஆபரேட்டர். நானும் தலையாட்டினேன். ஆசிட் போய்க்கொண்டே இருந்தது, ஆனால் குளிரில் வினை மந்தமாகிவிட்டதால் உள்ளே அப்படியே தேங்கியது. வால்வைச் சரிசெய்து சூடு ஏறியதும் தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில் வினைபுரிந்தது. 55-இல் டோசிங் நின்றது, சரி. ஏற்கெனவே உள்ளே இருப்பதை எந்த இன்டர்லாக் நிறுத்தும்? முழுக் கூலிங் கொடுத்து, 63-இல் திரும்பியது. 35-க்கும் இன்டர்லாக் வந்தது அதற்குப் பிறகுதான்.

கலவையைக் கலக்கும் ஸ்டிரர் நின்றாலும் ஆசிட் தேங்கும், இதே கதைதான். ஆனால் அது அட்டவணையில் ஏற ஐந்து வருடம் ஆனது.

கோடையில் சில்லர் திணறும்போது, "அலாரத்தை 52 ஆக்கிவிடலாமா" என்று யாராவது கேட்பார்கள். நான் போபால் விஷவாயு விபத்தைச் சொல்வேன். அங்கே மீதைல் ஐசோசயனேட் என்ற அந்த நச்சு ரசாயனத்தை 0 டிகிரியை ஒட்டி வைக்க வேண்டும், 11-இல் அலாரம். 1984-இல் குளிரூட்டியை நிறுத்திவிட்டார்கள். தொட்டி எப்போதுமே 11-க்கு மேல் இருந்ததால் அந்த அலாரம் இருந்தும் இல்லாததாகிவிட்டது. இதைச் சொன்னால் அந்தப் பேச்சு ஒரு மாதத்துக்கு எழாது.

ஒரே குறை, அட்டவணை முழுக்க ஆங்கிலம். 'எல்லை மீறினால் என்ன செய்வது' என்ற பகுதியை மட்டும் தமிழில் கையால் எழுதிப் பேனல் பக்கத்தில் ஒட்டினேன். ஆடிட்டில் கழற்றச் சொன்னார்கள், அனுமதி பெறாத நகலாம். கழற்றினேன். அடுத்த ஷிஃப்டில் ஆபரேட்டரே மறுபடி ஒட்டிவிட்டார்.