எத்தனாலும் உயிரணுவும்: ஒரு செய்முறை வகுப்பைப் பற்றி

உயர்நிலை மூன்றில் உயிரியல் படிக்கும் மகளை ஜூன் விடுமுறையில் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு சின்னத் துணைப்பாட மையத்தின் செய்முறை வகுப்புக்கு அனுப்பினேன். எத்தனால் என்ற ஆல்கஹால் உயிரணுக்களை என்ன செய்கிறது என்பதுதான் பாடம். இரண்டு மணி நேரம், 60 வெள்ளி. பெற்றோரும் பின்வரிசையில் உட்காரலாம் என்றதால் நானும் உட்கார்ந்தேன். நான் தாதி. வேலையில் நாள் முழுக்க ஆல்கஹால் தொட்டுப் புழங்குகிறவள் என்பதால் எனக்கும் ஆர்வம்தான்.

பீட்ரூட் பரிசோதனைக்கே கொடுத்த பணம் சரியாகப் போய்விட்டது. ஒரே அளவு துண்டுகளாக வெட்டி, வெட்டுப்பட்ட உயிரணுக்களின் சாறு போகும்வரை பிள்ளைகளை நன்றாக அலசச் சொன்னார் ஆசிரியை. அலசாவிட்டால் வெறும் தண்ணீரும் சிவந்து முடிவு கெட்டுவிடும். அப்புறம் தண்ணீர், 10, 20, 40, 70 சதவீத எத்தனால் என்று வரிசையாகக் குழாய்களில் போட்டார்கள். தண்ணீரில் கிடந்த துண்டு லேசாக ரோஜா நிறம் காட்டியதோடு சரி. 40 சதவீதக் குழாயில் துண்டிலிருந்து சிவப்பு கோடு கோடாக இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. அந்த நிறமி இருப்பது உயிரணுவுக்குள் உள்ள வாக்குவோல் என்ற சாற்றுப் பையில். வெளியே வர வேண்டுமென்றால் பையின் சவ்வையும் தாண்ட வேண்டும், உயிரணுச் சவ்வையும் தாண்ட வேண்டும். எத்தனால் சவ்வின் கொழுப்பு அடுக்கைத் தளர்த்தி, அதிலுள்ள புரதங்களையும் குலைத்துவிடுகிறது. மகள் இதைப் புத்தகத்தில் படித்திருந்தாள். ஆனால் குழாய்களைப் பார்த்த பிறகுதான் ‘ஏன்’ என்று கேட்க ஆரம்பித்தாள்.

இலையின் பச்சையத்தை எத்தனாலில் கரைத்தெடுப்பது பள்ளியிலும் செய்வதுதான். எத்தனால் 78 டிகிரியில் கொதித்துவிடும், ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். அதனால் அடுப்பை அணைத்துவிட்டு வெந்நீரில் வைத்தே சூடாக்கினார்கள். பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது.

முட்டை வெள்ளைக்கரு எனக்காகவே வைத்தது போல இருந்தது. எத்தனால் பட்டதும் வெள்ளை இழைகளாகத் திரண்டது. கிருமி நீக்க 70 சதவீதம் போதும், 95 வேண்டாம் என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தருவார்கள். காரணத்தை இவ்வளவு தெளிவாக யாரும் விளக்கியதில்லை. புரதம் குலையத் தண்ணீரும் வேண்டும். ஏறக்குறைய சுத்தமான எத்தனால் கிருமியின் மேற்பரப்பை மட்டும் சட்டென்று உறையவைத்துவிட்டு, உள்ளே போவதற்குள் ஆவியாகிவிடும். நானும் ஒன்று சேர்த்துச் சொன்னேன்: வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் போன்ற கிருமிகளின் வித்துகளை, அதாவது கெட்டி உறைக்குள் உறங்கும் வடிவத்தை, ஆல்கஹால் அசைக்கவே முடியாது, அதற்கு சோப்பும் தண்ணீரும்தான். ஆசிரியை அதை உடனே பலகையில் எழுதிப் போட்டார்.

சிவப்பு வெங்காயத் தோலில் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் ஊதா நிறம் வெளுத்துக்கொண்டே போகிறது, உயிரணுச் சுவர்கள் மட்டும் கட்டம் கட்டமாக அப்படியே நிற்கின்றன. சுவரில் உள்ள செல்லுலோஸ் எத்தனாலில் கரையாது. நம் கன்னத்து உயிரணுவுக்கு அந்தச் சுவரே கிடையாது. நல்ல ஒப்பீடு. ஆனால் இங்கேதான் வகுப்பு சறுக்கியது. நுண்ணோக்கிகள் போதவில்லை, பிள்ளைகள் வரிசையில் நின்றே நேரம் போனது. ஒரு தட்டில் இருந்த குழாய்களில் சதவீதம் எழுதப்படவே இல்லை. எழுதாத குழாயை என் வேலையிடத்தில் யாரும் தொடக்கூட மாட்டார்கள்.

கல்லீரல் பகுதியைக் கடைசி ஐந்து நிமிடத்தில் ஓட்டினார்கள். எனக்கு வருத்தம் அதில்தான். கல்லீரல் எத்தனாலை முதலில் அசெட்டால்டிஹைடாக மாற்றுகிறது. எத்தனாலைவிட நச்சு மிகுந்தது அது, மரபணுவையே சேதப்படுத்தும். அதை அடுத்து அசெட்டேட்டாக மாற்றும் நொதி கிழக்காசிய வழியினர் பலருக்குப் பலவீனமாக இருப்பதால்தான் கொஞ்சம் குடித்தாலே முகம் சிவந்துவிடுகிறது. “எங்கப்பாவுக்கு அப்படித்தான் ஆகும்” என்று ஒரு சீனப் பையன் சொன்னபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்படிச் சிவப்பவர்கள் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் கூடும் என்பதைப் பதினைந்து வயதில் அவசியம் கேட்டிருக்க வேண்டும். அதற்குள் மணி அடித்துவிட்டது.

உயர்நிலை மாணவர்கள் தாராளமாகப் போகலாம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இது தாங்காது. வரும் டிசம்பரில் தாவரம், விலங்கு என்று இரண்டு வகுப்பாகப் பிரிக்கச் சொல்லி மையத்துக்கு எழுதியிருக்கிறேன். பிரித்தால் இரண்டாவதற்கும் பணம் கட்டுவேன்.