பேறுகால வார்டுக்கு வெளியே: 2021 மே மாதத்து ஊர் அனுபவம்

தங்கையின் தலைப்பிரசவத்துக்குத் துணையாக இருக்க வேண்டும் என்று 2021 மார்ச் கடைசியில் சார்ஜாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் ஊருக்கு வந்தேன். திரும்ப வேண்டிய நேரத்தில், கொரோனா பரவலால் ஏப்ரல் 24 நள்ளிரவோடு இந்தியாவிலிருந்து வரும் பயணிகளை அமீரகம் நிறுத்திவிட்டது. தங்கையின் கணவர் குவைத்திலிருந்து வர வழியில்லை. ஆகவே மே மாதம் 10-ஆம் தேதி முழு ஊரடங்கு தொடங்கியபோது, தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் மகப்பேறு பிரிவுக்கு வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன் ஆனேன்.

சேர்க்கும்போது எடுத்த பரிசோதனையில் தங்கைக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. மூச்சுத் திணறல் இல்லை, ஆக்சிஜன் அளவும் 97 இருந்தது. ஆனாலும் தனிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் பிரசவ அறையில் பெண் துணை ஒருவர் உடனிருக்கலாம் என்ற நல்ல வழக்கம் இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் அது நின்றுபோயிருந்தது. அம்மா ஒயர் கூடையில் பெயரும் படுக்கை எண்ணும் எழுதிய அட்டையைக் கட்டி வாசல் மேசையில் வைப்பார். உள்ளிருந்து ஒருவர் வந்து எடுத்துப் போவார். அந்தக் கூடை திரும்பி வரும்போது கஞ்சி குடித்திருக்கிறாளா என்று தூக்குவாளியைத் திறந்து பார்ப்பதுதான் முதல் இரண்டு நாள் எங்களுக்குக் கிடைத்த ஒரே செய்தி.

மூன்றாம் நாள் மாலை ஒரு பெண்மணி கைபேசியில் அழைத்து, தாம் மருத்துவமனையின் சமூகப் பணியாளர் என்றும், தனி வார்டில் இருக்கும் தாய்மாரின் வீடுகளுக்கு மாலைதோறும் பேசுவதாகவும் சொன்னார். அதுவரை சமூகப் பணி என்றால் உதவித்தொகைப் படிவம் நிரப்பித் தருவது என்றுதான் எண்ணியிருந்தேன். அவர் முதலில் கேட்டது அம்மாவைத்தான். குழந்தை பிறந்தால் தாயின் பால் கொடுக்கக் கூடாது, பசும்பாலோ புட்டிப்பாலோ ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அம்மா தவித்துக்கொண்டிருந்தார். சுற்றத்தாரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண்மணி அவசரப்படாமல், "அம்மா, முகக்கவசம் போட்டுக்கிட்டு, கையை நல்லாக் கழுவிட்டுத் தாராளமா பால் கொடுக்கலாம். சீம்பாலை மட்டும் வீணாக்கிடாதீங்க" என்றார். உலகச் சுகாதார நிறுவனமும் 2020-லேயே இதைத்தான் பரிந்துரைத்திருந்தது. ஆனால் அறிக்கையைப் படித்து அம்மா மனம் மாறியிருக்க மாட்டார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே குரல் அதே பொறுமையோடு சொன்னதால்தான் மாறினார்.

குழந்தை ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பிறந்தது, சுகப்பிரசவம். அன்று மாலையே வேறொரு கவலை வந்தது. தங்கையின் இரத்தம் ஓ நெகட்டிவ். குழந்தையின் இரத்தம் பாசிட்டிவ். இப்படி அமைந்தால் குழந்தையின் இரத்த அணுக்களுக்கு எதிராகத் தாயின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகி, அடுத்த கருவைப் பாதிக்கக்கூடும். அதைத் தடுக்கப் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். மருத்துவமனை மருந்தகத்தின் குளிர்பெட்டியில் அன்றைக்கு அந்த ஊசி இல்லை. வெளியே வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். பணம் இருந்தும், ஊரடங்கில் திறந்திருந்த நான்கு மருந்துக் கடைகளில் ஒன்றில்கூட அது கிடைக்கவில்லை.

மருந்தகச் சன்னலில் இருந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய மருந்தாளுநர். அவர் "இல்லை" என்று சொல்லிச் சன்னலைச் சாத்தவில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டதிலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு மாவட்டக் கிடங்கு வழியாக மருந்து வருகிறது. மருந்துக் கணக்கைப் பதிய ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தனி பாஸ்புக் உண்டு. அந்தப் பாஸ்புக்கை என் கண்முன்னே புரட்டி, முதலில் கிடங்குக்கும் பிறகு பக்கத்து ஊர் அரசு மருத்துவமனைக்கும் பேசினார். அங்கே இரண்டு குப்பிகள் இருந்தன. பேருந்து இல்லாத நாளில் அதைக் கொண்டுவருவது எப்படி என்பதற்குச் சமூகப் பணியாளர் வழி கண்டார்: நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பும் ஆம்புலன்ஸ் ஒன்றில், பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே, தெர்மாகோல் பெட்டியில் அது வெள்ளிக்கிழமை மதியம் வந்து சேர்ந்தது. மருந்தாளுநர் பெட்டியைத் திறந்து குப்பியை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்து, காலாவதி நாளை உரக்கப் படித்து, பதிவேட்டில் எழுதிய பிறகே வார்டுக்கு அனுப்பினார். 72 மணி நேரம் முடிய இன்னும் ஒரு பொழுது மீதமிருந்தது.

இதை அவர்களுடைய நல்ல மனத்தின் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. நெகட்டிவ் இரத்தவகை என்பது கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே தாய்சேய் நல அட்டையில் சிவப்பு மையால் எழுதப்பட்டிருந்தது. பிரசவத் தேதியும் தெரியும். அந்த ஊசி குளிர்பெட்டியில் காத்திருந்திருக்க வேண்டும். தொற்றுப் பிரிவுக்கும் சாதாரணப் பிரிவுக்கும் சேர்த்து ஒரே சன்னல், பகலில் ஒரே மருந்தாளுநர். மருத்துவமனை முழுமைக்கும் ஒரே சமூகப் பணியாளர், அவரும் ஒப்பந்தப் பணியில். அவருக்கே தொற்று வந்து படுத்திருந்தால் அந்த மாலை அழைப்புகளைச் செய்ய இன்னொருவர் இல்லை. இது என்னை இன்றும் உறுத்துகிறது.

உதவித்தொகை விஷயத்தையும் அவர்தான் சீராக்கினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தாய்க்கு 18,000 ரூபாய் உண்டு. அதில் 14,000 ரூபாய் தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும், மீதிக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் தருவார்கள். தங்கையின் வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்து ஒன்றாகவும் ஆதாரில் வேறாகவும் இருந்ததால் முதல் தவணையே வந்திருக்கவில்லை. கர்ப்பத்தை அரசிடம் பதியும்போது தரப்படும், பிறப்புச் சான்றிதழுக்கும் தேவைப்படும் பிக்மி எண்ணைச் சரிபார்த்து, எந்தத் தாளை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று எழுதித் தந்தார். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிவிட்டால் போதும் என்று நினைத்திருந்த நான், ஏழாம் மாதத்திலேயே ஒரு தொலைபேசி அழைப்பில் இதைக் கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 5-க்குப் பிறகு, இரண்டு தவணைத் தடுப்பூசியும் அமீரகத்திலேயே போட்டவன் என்பதால், திரும்பிப் போக அனுமதி கிடைத்தது. புறப்படும் முன் நன்றி சொல்ல மருந்தகச் சன்னலுக்குப் போனேன். அவர் இரும்புச்சத்து மாத்திரை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டதும், "தம்பி, பிள்ளை பெத்த பிறகும் 180 நாள் இதைச் சாப்பிடணுமே, தங்கச்சி வாங்கிட்டுப் போகுதா?" என்று கேட்டார். இரண்டு மாதமாக வாங்கவில்லை என்றேன். அட்டைகளை எடுத்து உறையில் போட்டு, சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது, டீ குடித்தவுடனும் கூடாது என்று பேனாவால் எழுதி, சன்னல் வழியே நீட்டினார்.