மடல் எங்கே நிற்கிறது: போஸ்ட்ஃபிக்ஸில் தாமதத்தைப் பிடிக்கும் வழிகள்

"அனுப்பி அரை மணி ஆச்சு, இன்னும் வரவில்லையாம்" என்று போன் வந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மடல் சர்வர் மென்பொருளில் பலரும் முதலில் ஓட்டுவது மெயில்கியூ, காத்திருக்கும் மடல்களைப் பட்டியலிடும் கட்டளை. 400 மடல் காத்திருக்கிறது என்று அது சொல்லும். அதில் முக்கால்வாசி செத்த முகவரிகளுக்கு எழுதியவையாக இருக்கலாம். போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள் வரை விடாமல் முயலும். எண்ணிக்கையை மட்டும் நம்பி அலாரம் வைத்தால் தூக்கம்தான் கெடும்.

அதற்கு கியூஷேப் என்ற கட்டளை எவ்வளவோ மேல். டொமைன் வாரியாக, 5, 10, 20 நிமிடம் என்று மடல்களின் வயதைப் பிரித்துக் காட்டும். ஒரே டொமைனில் குவிந்தால் பெரும்பாலும் அந்தப் பக்கத்துச் சிக்கல். எல்லாமே ஏறினால் நம் வீட்டைப் பார்க்க வேண்டும். சும்மா ஓட்டினால் இன்கமிங் (புதிதாக வந்தவை), ஆக்டிவ் (இப்போது அனுப்பப்படுபவை) வரிசைகளை மட்டுமே பார்க்கும். டிஃபர்ட் (தோற்று மறுமுயற்சிக்குக் காத்திருப்பவை) என்று சேர்த்துச் சொல்ல மறந்து, 'எல்லாம் காலி' என்று நான் நிம்மதியாக டீ குடிக்கப் போனதுண்டு.

என் ஓட்டு லாகுக்கு, அதாவது சர்வர் எழுதிவைக்கும் பதிவேட்டுக்கு. ஒவ்வொரு முயற்சிக்கும் மொத்தத் தாமதமும் அதன் நான்கு கூறுகளும் பதிவாகும். விநாடிக் கணக்கில் 0.2/0.01/31/0.9 என்று ஒரு வரி வந்தது. முதல் எண் மடல் உள்ளே வந்து சேர ஆன நேரம், இரண்டாவது வரிசை மேலாளரிடம் இருந்தது, மூன்றாவது இணைப்பு ஏற்படுத்த ஆனது (டிஎன்எஸ் முகவரித் தேடல், டிஎல்எஸ் மறையாக்கம் எல்லாம் இதில்தான்), நான்காவது மடலைக் கொடுத்து முடிக்க. 31ஐப் பார்த்ததுமே பொறி தட்டியது: இணைப்புக்கான இயல்புநிலைக் காலக்கெடு 30 விநாடி. ஐபிவி6 (புதிய இணைய முகவரி முறை) வழி செத்துக் கிடக்க, ஒவ்வொரு முறையும் அதில் முட்டிவிட்டு பழைய ஐபிவி4க்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

ஆனால் முயற்சி முடிந்தால்தான் இந்த வரி எழுதப்படும். வைரஸ் வடிகட்டி தொங்கிவிட்டால் வரியே வராது, லாகிலிருந்து வரையும் கிராஃபும் சுத்தமாகத் தெரியும். அங்கே கைகொடுப்பது சோதனை மடல்: வெளிப் பெட்டி ஒன்றுக்கு அனுப்பி, ஐமேப் (பெட்டியைத் திறந்து படிக்கும் நெறிமுறை) வழியாக வந்துவிட்டதா என்று பார்ப்பது. தாமதம் எங்கே என்று அது சொல்லாது. வழியில் ஒவ்வொரு சர்வரும் மடலில் சேர்க்கும் ரிசீவ்ட் தலைப்புகளின் நேரங்களை நாமே கழித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது என் சர்வரில் லாக் கிராஃபுக்கு, 5 நிமிடத்துக்கு ஒரு சோதனை மடல் அலாரத்துக்கு. கியூஷேப்பை அலாரம் அடித்த பிறகு கையால் ஓட்டுகிறேன், டிஃபர்டையும் சேர்த்து.