பழைய கம்ப்யூட்டருக்கு இன்னொரு ஹார்ட் டிஸ்க்: உள்ளேயா, வெளியேயா?

2010 வாக்கில் வாங்கிய டெஸ்க்டாப் என்றால் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0தான். வெளியே செருகும் டிஸ்க் அதில் நொடிக்கு 35 எம்பி தந்தாலே பெரிது. 100 ஜிபி கல்யாண வீடியோ ஏற முக்கால் மணி நேரம் ஆகும். உள்ளே சாட்டா கேபிளில் (டிஸ்க்கை மதர்போர்டோடு நேராக இணைக்கும் வயர்) மாட்டினால் கால் மணி நேரம் போதும். அதனால் என் ஓட்டு உள்ளே மாட்டுவதற்குத்தான்.

ஆனால் கேபினட்டைத் திறந்து, சாட்டா போர்ட் காலியா, பட்டையான பவர் வயர் மிச்சமா என்று முதலில் பாருங்கள். வயர் இல்லையென்றால் பழைய நாலு பின் வயருக்கு கனெக்டர் கிடைக்கும். 2 டிபிக்கு மேல் வேண்டாம், டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே என்று குறித்து வைக்கும் பழைய எம்பிஆர் முறை அதைத் தாண்டாது. வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். சூடு ஏறாமல் இருக்க இரண்டு டிஸ்க்குக்கும் நடுவே இடைவெளி விடுங்கள்.

வெளி டிஸ்க்குக்கு இந்த ரோதனை எதுவும் இல்லை. குடியாத்தம் அத்தை வீட்டுக்கும் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.