தீவன மக்காச்சோளத்துக்குப் புனல் பொறி: வாங்கலாமா?

மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவுக்கென்று விற்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் மூடி, லூர் (பெண் அந்துப்பூச்சியின் வாசனை ஏற்றிய கவர்ச்சி வில்லை) மாட்டும் கூடு, புனல், அடியில் தொங்கும் பாலிதீன் பை என நாலே பாகங்கள்தான். மாட்டினால் புழு ஒழிந்துவிடும் என்று வாங்கினால் ஏமாற்றம்தான். லூரைத் தேடி வருவது ஆண் அந்துப்பூச்சி மட்டுமே. ஓர் ஆண் பல பெண்களோடு சேரும் என்பதால், பை நிறைந்தாலும் வயலில் முட்டை பெரிதாகக் குறையாது.

ஆனால் இலையை எப்போது புரட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்வதில் இதற்கு ஈடில்லை. பூச்சி விழத் தொடங்கியதுமே முட்டை தேட இறங்கவேண்டும். 100 முதல் 200 முட்டைகள் கொண்ட குவியல், மேலே சாம்பல் ரோமம் போர்த்தி, பூஞ்சணம் படிந்த மாதிரி இலையில் ஒட்டியிருக்கும். அப்போதே கசக்கிவிட்டால் வேலை முடிந்தது. வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை பையைப் பார்ப்பவருக்கு முட்டை கண்ணில் படாது, சுரண்டிய இலைதான் படும். வளர்ந்த புழு குருத்துக்குள் புகுந்து எச்சத்தால் குருத்தின் வாயை அடைத்துக்கொள்ளும். பிறகு மருந்து உள்ளே இறங்காது. புழுவின் ஆறு வளர்ச்சிப் பருவங்களில் கடைசி இரண்டில்தான் பெருந்தீனி.

கண்காணிப்புக்கு ஏக்கருக்கு 5 பொறி தாராளம். முளைத்ததுமே நட்டு, பயிர் வளர வளர அதற்கு ஒரு அடி மேலே இருக்கும்படி ஏற்றவேண்டும்.

காசுக்கு மதிப்பு பொறியின் சட்டகத்தில் இல்லை, லூரில் இருக்கிறது. தயாரிப்புத் தேதி இல்லாத லூரைத் தொடாதீர்கள். குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், சுமார் நாலு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வேறு பூச்சியின் லூரைப் பிடித்த கையோடு இதை மாட்டினால் வாசனை கலந்து கணக்கே கெடும். பழையதை வரப்பில் எறிவதும் தப்பு, பூச்சி அங்கே சுற்றும்.

பைதான் இதில் பலவீனம். காற்றில் கிழியும், மழைநீர் தேங்கிப் பூச்சி அழுகும். அடி மூலையில் ஊசித்துளை போடுங்கள். எறும்பு ஏறினால் இறகு மட்டும்தான் மிஞ்சும், கம்பில் கிரீஸ் தடவலாம். வேறு அந்துப்பூச்சிகளும் விழும் என்பதால் எண்ணும் முன் முன்சிறகைப் பாருங்கள்: படைப்புழு ஆணுக்கு நுனியருகே வெள்ளைத் திட்டு இருக்கும்.

அறுவடை நெருங்கும்போது பூச்சி கூடினால் மருந்தடிக்க வேண்டாம். மருந்தடித்தபின் விடவேண்டிய காத்திருப்புக் காலம் முடியாத தீவனத்தை மாட்டுக்குப் போட முடியாது. நாலு நாள் முன்னதாகவே அறுத்துவிடுங்கள்.